பதினோரு பேருக்கு ஒரு வாய்

அந்த மனிதரை யாரும் எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் நான் பார்த்த நேரமெல்லாம் அவர் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

பெயரைச் சொல்லமாட்டேன், பிள்ளைகளே. அவருடைய பேரப்பிள்ளைகள் இதே மயிலாப்பூரில் இருக்கிறார்கள். உங்களோடு ஒரே வகுப்பில்கூட இருக்கலாம். அவர்கள் என்ன செய்வார்கள் பாவம். ஆள் எப்படி இருப்பார் என்று மட்டும் சொல்கிறேன். வெள்ளை டிரில் கோட்டு, கையில் குடை, தலையில் துரைமார் போடுகிற சோலாத் தொப்பி. ஏதோ ஒரு கம்பெனியில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதா கோயிலில் முன் பெஞ்சு அவருக்குத்தான். நல்லவர்களைப் பற்றியே எப்போதும் எழுதித் தருகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். இவர் நல்லவர் இல்லை. கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. கெட்டவரென்றால் நாம் ஜாக்கிரதையாக இருந்துவிடுவோம். இவரைப் போன்றவர்களிடம் அது முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

டிராமில் ஒருமுறை பார்த்தேன். கண்டக்டர் ஒரு அம்மாளிடம், "எங்கம்மா போவணும்?" என்று கேட்டான். அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே வாய் திறப்பதற்குள், இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த இவர், "லஸ்! லஸ்!" என்றார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துவிட்டான்.

"ஐயோ, நான் மவுண்ட் ரோடு போறவ நைனா!"

"மயிலாப்பூர்லேர்ந்து இந்த நேரத்துக்கு மவுண்ட் ரோடு எதுக்கும்மா?" என்று இவர் அவளையே திருப்பிக் கேட்டார். குரலில் வெட்கமே இல்லை. அவள் தப்பான இடத்துக்குப் போகிறாள் என்று அவருக்கு உண்மையாகவே வருத்தம்.

டிராமோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் எனக்கு அப்போது வேலை ஒரு மடத்தில். மயிலாப்பூரில், கடற்கரைக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கன்னியாஸ்திரீகள் நடத்திய மடம் அது. வயதாகி, வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாத கிழவர் கிழவிகள் நாற்பது பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். தூக்குவது, குளிப்பாட்டுவது, விறகு பிளப்பது, கேட்டைத் திறப்பது எல்லாம் நான். மூன்றாம் பாரம்வரை, உங்கள் கணக்கில் எட்டாம் வகுப்புவரை, படித்தவன் என்பதால் கடிதம் படித்துக் காட்டுவதும் நான்தான்.

அங்கே மடத்துக்குத் தலைவியாகப் புதிதாக ஒரு மதர் வந்தார். வெள்ளைக்காரி. அவர் வருவதற்கு முன் எல்லோருக்கும் ஒரே கஞ்சி, ஒரே மருந்து, ஒரே நேரத்தில் படுக்கை. அவர் வந்ததும் ஒரு புது ஏற்பாடு செய்தார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணிப் பூசை முடிந்ததும், பெரிய ஹாலில் மேஜை போட்டு உட்காருவார். ஒவ்வொரு கிழவரையும் கிழவியையும் நான் கூட்டிவந்து எதிர் நாற்காலியில் உட்காரவைப்பேன். பக்கத்தில் அவர்கள் வீட்டு மனிதர்கள் உட்காருவார்கள். மகனோ, மருமகளோ, அக்காள் பிள்ளையோ. எல்லோருமாகப் பேச வேண்டும். ராத்திரி கஞ்சியா சோறா, கட்டில் ஜன்னல் பக்கமா சுவர்ப் பக்கமா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, உடம்பு மோசமானால் யாருக்கு ஆள் அனுப்புவது, எல்லாம். பேசி முடிந்ததை மதர் ஒரு அட்டையில் எழுதுவார். அந்த அட்டை கட்டில் தலைமாட்டில் தொங்கும். அடுத்த மாதம்வரை அட்டையில் இருப்பதுதான் சட்டம்.

எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்கள். கிழவர்களை ஒருத்தர் உட்காரவைத்து, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்பதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. சிலர் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக வேட்டி துவைத்து வைப்பார்கள்.

இதில் ஒரே சிக்கல், யாருமே இல்லாதவர்கள். அவர்களுக்கு வெளியிலிருந்து ஒரு பொறுப்பாளி வேண்டும் என்று விதி. வந்து உட்கார்ந்து, பேசி, கையெழுத்துப் போட ஒரு ஆள். பூசையில் சாமியார் இதைச் சொன்னார். முன் பெஞ்சிலிருந்து நம் ஆள் எழுந்தார். ஒருவருக்கு இல்லை, இருவருக்கு இல்லை, பதினோரு பேருக்கு நான் பொறுப்பு என்றார். கோயிலே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவருக்கு அது பிடித்திருந்தது.

மதருக்குத் தமிழ் வராது. தமிழ்ச் சிஸ்டர்கள் அந்த நேரத்தில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஊட்டிக்கொண்டிருப்பார்கள். ஆகவே மொழிபெயர்ப்பும் இவரே. மதர் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்பார். அதை இவர் தமிழில் கிழவியிடம் கேட்க வேண்டும், அவள் சொல்வதை இங்கிலீஷில் மதரிடம் சொல்ல வேண்டும். இரண்டு வேலை. இரண்டையும் அவர் செய்ததில்லை. மதர் கேட்டு முடிப்பதற்குள் இங்கிலீஷிலேயே பதிலைச் சொல்லிவிடுவார். நாற்காலியில் இருக்கிற கிழவி மதர் வாயைப் பார்ப்பாள், இவர் வாயைப் பார்ப்பாள், மறுபடி மதர் வாயைப் பார்ப்பாள். பிறகு நான் அவளை எழுப்பிக் கூட்டிப் போவேன்.

"இன்னா நைனா, முடிஞ்சிட்ச்சா?"

"முடிஞ்சுது பாட்டி."

"இன்னா சொன்னேன் நானு?"

சிரிக்காதீர்கள். என்னிடம் அப்படித்தான் கேட்பார்கள்.

குதிரைவண்டி ஓட்டிய தாத்தா ஒருவர் இருந்தார். வயிறு ஒட்டியிருக்கும், கால் வளைந்திருக்கும், ஆனால் மீசை மட்டும் அப்படியே நின்றது. இரண்டு பக்கமும் முறுக்கி, தினம் காலையில் எண்ணெய் தொட்டு நீவிவிடுவார். முடி வெட்டுகிறவர் மாதம் ஒருமுறை மடத்துக்கு வருவார். ஒருநாள் தாத்தாவை உட்காரவைத்து, துணி போர்த்தி, "மீசைய இன்னா பண்றது தாத்தா, ஓரம் கத்திரிக்கவா?" என்று கேட்டார். நம் ஆள் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். நிற்கக்கூட இல்லை. "எடுத்துடு, எடுத்துடு. சுத்தமா இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். பொறுப்பாளியே சொல்லிவிட்டாரே! தாத்தாவின் கை துணிக்கு அடியில் சிக்கிக்கொண்டிருந்தது. அது வெளியே வருவதற்குள் ஒரு பக்கம் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் தாத்தா உள்ளங்கையால் மேல் உதட்டை மூடிக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அடுத்த முதல் ஞாயிறு மதர் அதைக் கவனித்துவிட்டு, பல் வலியா என்று கேட்டார். நம் ஆள் சொன்னார்: "இல்லை மதர். இளமை திரும்பின மாதிரி இருக்கிறதாம். வெட்கப்படுகிறார்."

அவருடைய பதினோரு பேருக்கும் கட்டில் அட்டை ஒன்று சொல்லும், தட்டு வேறொன்று சொல்லும். பால் ஒத்துக்கொள்ளாதவளுக்குப் பால் கஞ்சி என்று அட்டையில் இருக்கும். சோறு மெல்ல முடியாதவருக்குச் சோறு. சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பும்போது கிண்ணங்கள் கட்டிலுக்குக் கட்டில் கை மாறும். எழுபது எண்பது வயதானவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரித் திருட்டுத்தனமாகத் தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். நான் பார்க்காதவன் மாதிரி நிற்பேன்.

பொய் சொல்கிறவர் என்று அவரைச் சொல்லமாட்டேன். பொய் சொல்கிறவனுக்கு நிஜம் எது என்று தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது. தன் வாயிலிருந்து வருவது எதிரில் இருப்பவர் மனதில் உள்ளதுதான் என்று சத்தியமாக நம்பினார்.

கோபாலபுரத்தில் அவர் வீட்டுக்கு ஒருமுறை மதர் கொடுத்த கடிதத்தோடு போனேன். அவருடைய சம்சாரம் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். "ஐயா இருக்காரா அம்மா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி உள்ளே பார்த்தார்கள். உள்ளேயிருந்து, "இல்லே!" என்று சத்தம் வந்தது. அவர் குரல்தான். கேள்வி தன்னைப் பற்றியது என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

இனி ரோசம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரோசம்மா அடையாற்றில் ஒரு பங்களாவில் சமையல் செய்தவர். கண் மங்கிப்போய் அடுப்பருகே நிற்க முடியாமல் மடத்துக்கு வந்தார். ஒரே மகன், லூர்து. ரங்கூனில் அரிசி மில்லில் வேலை. மகன் கடல் தாண்டி இருந்ததால் முதல் ஞாயிற்றுக்கு வந்து உட்கார முடியாது. அதனால் ரோசம்மாவும் பதினோரு பேரில் ஒருவரானார். முதல் கூட்டத்திலேயே மதர், குடும்பம் உண்டா என்று கேட்டார். நம் ஆள், "யாரும் இல்லை" என்றார். அட்டையில் அப்படியே எழுதப்பட்டது. நான் அதைப் படித்துவிட்டு அவரிடம் மெதுவாகச் சொன்னேன், மகன் இருக்கிறானே ஐயா என்று.

"பர்மாவிலே இருக்கிறவன் இருந்தா என்ன, இல்லாட்டி என்னப்பா?" என்றார்.

பிறகு ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அங்கிருந்த நம் ஜனங்கள் கப்பல் கிடைக்காமல் காட்டு வழியாக நடந்தே வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. லூர்துவிடமிருந்து கடைசியாக ஒரு கார்டு வந்திருந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். "அம்மா, எப்படியாவது மடத்துக்கு வந்து சேருகிறேன். நீ அங்கேயே இரு." அவ்வளவுதான். ரோசம்மா அந்தக் கார்டைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். கண் தெரியாவிட்டாலும் எடுத்து எடுத்துத் தடவிப் பார்ப்பார்.

அந்தச் சித்திரையில் மெட்ராஸுக்கும் குண்டு வரும் என்று பட்டணமே காலியாகத் தொடங்கியது. மாட்டுவண்டியில் பீரோ போகிறது, கட்டில் போகிறது, ஆட்டுரல் போகிறது. மதர் அவசரமாக ஒரு கூட்டம் போட்டார். வீட்டார் உள்ளவர்கள் அவர்களோடு ஊருக்குப் போகலாம். மற்றவர்களைச் சேலம் பக்கத்தில் இருந்த இன்னொரு மடத்துக்கு மதரே கூட்டிப்போவார். ஆனால் இங்கேயே இருக்க விரும்புகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர்வரை இருக்கலாம், இரண்டு சிஸ்டர்களும் நானும் அவர்களுக்குக் காவல். யாரையும் அவர்கள் இஷ்டத்துக்கு விரோதமாக அனுப்பமாட்டேன் என்று மதர் இரண்டு முறை சொன்னார். என் மூன்றாம் பாரத்து இங்கிலீஷுக்கே அது தெளிவாகப் புரிந்தது.

ரோசம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"நான் எங்கியும் போவ மாட்டேன் நைனா. அவனுக்கு இந்த எடம் ஒண்ணுதான் தெரியும். வந்து பாத்துட்டு நான் இல்லன்னா, எங்க போய்த் தேடுவான்? குண்டு வுழுந்தா வுழட்டும். என் தலைல தானே வுழும்?"

"மதர் கேப்பாங்க. இதையே சொல்லு."

"சொல்றேன். அந்தத் தொப்பிக்காரு வுட்டாருன்னா சொல்றேன்."

கூட்டத்தில் ரோசம்மாவின் முறை வந்தது. உட்காரவைத்தேன். மதர் ரோசம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். ரோசம்மா கையை உயர்த்தினார். நம் ஆள் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார். குழந்தையைத் தட்டுவதுபோல.

"வருகிறாள் மதர். குண்டு என்றால் பயந்து நடுங்குகிறாள். சீக்கிரம் கூட்டிப் போங்கள் என்று காலையிலிருந்து அழுகை" என்றார் இங்கிலீஷில்.

நான் கதவருகே நின்றிருந்தேன். "மதர், அந்த அம்மா..." என்று தமிழில் ஆரம்பித்தேன். மதர் நிமிர்ந்து, இவன் என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

நம் ஆள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "வண்டி தயார் என்கிறான்" என்றார்.

மதர் எனக்கு நன்றி சொன்னார்.

ரோசம்மா ஏன் கத்தவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அன்றைக்கே கேட்டேன். "அவரு கையெய்த்து இல்லன்னா இங்க எனுக்கு கட்டில் ஏது நைனா?" என்றார். நம் ஆள் ஒருநாளும் அப்படி மிரட்டியதில்லை. மிரட்ட வேண்டிய அவசியமே இல்லை. பதினோரு பேரும் தாங்களாகவே பயந்துகொண்டு, சிஸ்டர்களிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று என்னையும் தடுத்துவந்தார்கள். அது அவருக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்?

ரயிலுக்குக் கிளம்பும்போது ரோசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்தான்னா சொல்லு. ஆத்தா உன்ன வுட்டுட்டுப் போவல, இட்டுகினு போய்ட்டாங்கன்னு சொல்லு. எங்க கீறேன்னு சொல்லு." சொல்கிறேன் என்றேன்.

பட்டணம் வெறிச்சோடிப் போயிற்று. பதில் சொல்ல ஆளில்லாமல் நம் ஆளுக்குப் பொழுது போகவில்லை. தினமும் வந்து கேட்டருகே என் முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். நான் நின்றுகொண்டிருப்பேன். நாய் குலைத்தால், அது எதற்குக் குலைக்கிறது என்று எனக்குச் சொல்வார்.

ஒரு மத்தியானம் தலையில் விறகுக் கட்டோடு வந்துகொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஒருவன் நின்றான். தாடி. சட்டையில் ஒரு கை இல்லை. இரண்டு காலிலும் சாக்குத் துணி சுற்றியிருந்தது. அந்தத் துணி கறுப்பாகிக் காலோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துத்தான் கேட்டான்.

"அண்ணே, ரோசம்மான்னு ஒருத்தங்க..."

நான் விறகை இறக்கிவிட்டுப் பேசலாம் என்று குனிந்தேன். அந்தக் குனிகிற நேரம் போதுமாயிருந்தது, முக்காலியில் உட்கார்ந்திருந்த நம் ஆளுக்கு.

"ஓ, நீதான் அந்த மகனா? உங்க அம்மா ரொம்ப சௌக்கியம். சேலம் பக்கம் அனுப்பிட்டோம். நல்ல காத்து, நல்ல சாப்பாடு. உன்னைப் பத்திக் கவலையே இல்லை. என் பிள்ளை எங்கேயாவது பிழைச்சுக்குவான், என்னைத் தேடிக்கிட்டு அலைய வேண்டாம், அப்படின்னு சொல்லிட்டுத்தான் ரயில் ஏறினாங்க."

லூர்து என்னைப் பார்த்தான். "அப்டியா சொல்லிச்சு அம்மா?"

"இல்லப்பா, அப்படிச் சொல்லல. நீ வருவேன்னு இங்கயே இருக்கணும்னாங்க" என்றேன். விறகு பாதி இறங்கிக் கழுத்தில் இருந்தது.

"இவனுக்கு என்ன தெரியும்? விறகு தூக்கறவன். பொறுப்பாளி நான்" என்றார் அவர்.

லூர்து கோட்டைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான். பிறகு பனியன் கிழிந்து வேர்வையோடு நின்ற என்னைப் பார்த்தான். தொப்பியை நம்பினான். நான் அவனைக் குற்றம் சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். குடித்தான். "எவ்ளோ தூரம் நடந்தேன் தெரியுமா அண்ணே" என்று மட்டும் சொன்னான். சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டான். விறகைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு நான் ரோட்டுக்கு ஓடினேன். கடற்கரைப் பக்கம் பார்த்தேன், லஸ் பக்கம் ஓடிப் பார்த்தேன். கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. கேட்க ஒரு ஆள் இல்லை.

திரும்பி வந்தபோது அவர் குடையை விரித்துக்கொண்டிருந்தார். "பாவம், நல்ல பையன். நல்ல சேதியா சொல்லி அனுப்பினேன்" என்றார்.

மழைக்கு முன்னால் ஊர் திரும்பியது. குண்டு விழவில்லை. சேலத்திலிருந்து மதரும் மற்றவர்களும் வந்து இறங்கினார்கள். வரவேற்க அவர் குளித்துக் கோட்டுப் போட்டு நின்றிருந்தார். வண்டியிலிருந்து ரோசம்மாவை இறக்கினேன். ரொம்பவும் இளைத்திருந்தார். கால் தரையில் படுவதற்கு முன்பே, என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"யாராச்சும் வந்தாங்களா நைனா?"

"யாரும் வரலையே" என்றார் அவர், எனக்குப் பின்னால் நின்று.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் மறைக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. மூன்று மாதத்தில் லூர்துவின் முகம், கால், அவன் குடித்த தண்ணீர் எல்லாம் அவரிடமிருந்து போய்விட்டது. தன் குரல் மட்டும்தான் அவர் மனதில் தங்கும்.

"வந்தான்மா" என்றேன் நான். "உசிரோட வந்தான். நடந்தே வந்தான். இவர் என்னவோ சொல்லி அனுப்பிட்டார்."

ரோசம்மா வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மதர் ஓடிவந்து என்ன என்று கேட்டார்.

"பிரயாணக் களைப்பு" என்றார் நம் ஆள்.

ஆனால் அன்று வண்டியின் மறுபக்கம் ஒரு தமிழ்ச் சிஸ்டர் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். தூத்துக்குடிப் பெண், வாய்க்குப் பயமில்லாதவர். எல்லாம் கேட்டுவிட்டார். "களைப்பா? பெத்த புள்ளைய வாசலோட தொரத்திட்டு களைப்பா இது?" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, மதரிடம் போய் இங்கிலீஷில் கொட்டினார். அவர் பேசப் பேச மதரின் முகம் சிவந்தது. அன்று ராத்திரிக் கஞ்சிக்கு முன்பே மதர் பெண்கள் வார்டுக்குப் போய், 'யாரும் இல்லை' என்றிருந்த ரோசம்மாவின் தலைமாட்டு அட்டையைத் தன் கையால் கழற்றினார்.

ரோசம்மா என்னிடம் கேட்டது வேறு. "கால் எப்டி இருந்திச்சு? சாப்ட்டானா? தாடி வச்சிருந்தானா? அவங்கப்பன் மாதிரியா?" ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். உசிரோடு இருக்கிறான் என்பதையே நாலு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

லூர்து வேதக்காரன், கிறிஸ்தவன். எங்கே இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கோயிலுக்குள் நுழைவான். மதர் ராயபுரத்திலிருந்து அடையாறுவரை எல்லாக் கோயில் சாமியார்களுக்கும் கடிதம் எழுதினார்: ரங்கூனிலிருந்து நடந்து வந்த லூர்து என்பவனின் தாய் மயிலாப்பூர் மடத்துக்குத் திரும்பிவிட்டாள், அவனைப் பார்க்கக் காத்திருக்கிறாள் என்று பூசையில் வாசிக்க வேண்டும். கடிதங்களை நான் நடந்தும் டிராமிலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு ஞாயிறு போயிற்று. இன்னொன்றும் போயிற்று. மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலையிலிருந்து லூர்து வந்து நின்றான். இந்த முறை கேட்டில் நான் மட்டும் இருந்தேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன்.

அடுத்த முதல் ஞாயிறு. ஹாலில் மேஜை. மதர் பக்கத்தில் இப்போது தூத்துக்குடி சிஸ்டர். எதிரே ரோசம்மா, பக்கத்தில் லூர்து. நம் ஆளும் வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம். மற்றப் பத்துப் பேருக்கு வேறு கையெழுத்து இன்னும் கிடைக்கவில்லை என்று மதர் பொறுத்துக்கொண்டார்.

மதர் தமிழில் ஒரு வாக்கியம் பாடம் பண்ணி வைத்திருந்தார். "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?"

ரோசம்மா உடனே பதில் சொல்லவில்லை. யோசித்தார். அந்த ஹாலில் ஒரு கேள்விக்குப் பிறகு சத்தமே இல்லாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். சிஸ்டர் காத்திருந்தார். லூர்து தரையைப் பார்த்தபடி இருந்தான். நம் ஆளுக்கு மட்டும் தாங்கவில்லை. நாற்காலியில் நெளிந்தார், தொண்டையைக் கனைத்தார், "அது என்னன்னா..." என்று தொடங்கினார். சிஸ்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நம் ஆள் வாயை மூடிக்கொண்டார். மூச்சு முட்டுகிறவர் மாதிரி எழுந்து வெளித் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்.

"நான் இங்கயேதான் கீறேன் மதர்" என்றார் ரோசம்மா கடைசியில். "இவன் குடோன்ல படுக்கறான். அங்க நான் போயி இன்னா பண்றது? ஒரு ரூம் எடுக்கட்டும், அப்றம் போறேன். ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம வந்து என்னைப் பாக்கட்டும். ராத்திரிக்கு பால் கஞ்சி வேணாம். அப்றம் இன்னொண்ணு." மகனின் முழங்காலைத் தடவித் தடவிக் கீழே போய், கட்டு இருந்த இடத்தில் கையை நிறுத்தினார். "இவன் காலு இன்னும் சொகமாவல. அத்த மொதல்ல பாரு."

சிஸ்டர் அப்படியே சொன்னார். மதர் பேனாவை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து வெந்நீர் என்றார். அந்த ஒரு சொல் அவருக்குத் தமிழில் தெரியும்.

அடுப்படிக்கு ஓடி, குண்டானில் வெந்நீர் எடுத்துக்கொண்டு தாழ்வாரம் வழியாகத் திரும்பினேன். அங்கே, முறைக்காகக் காத்திருந்த ஒரு கிழவரின் மருமகளுக்கு, உள்ளே ரோசம்மா என்ன முடிவு பண்ணினாள் என்று நம் ஆள் விளக்கிக்கொண்டிருந்தார். மகனோடு போய்விடுகிறேன் என்று கண்ணீர் விட்டாளாம்.

அந்தப் பெண் என் கையில் ஆவி பறக்கிற குண்டானைப் பார்த்துவிட்டு, "வெந்நீர் எதுக்கு அண்ணே?" என்று என்னைத்தான் கேட்டாள்.

"அந்த அம்மா குளிக்க" என்றார் அவர்.